விறகு யாருக்கு இலவசம்?

என் அப்பத்தா இறந்தபோது எங்கள் ஊர் வீட்டில் மூன்று அடுப்புகள் இருந்தன. ஒன்று, கொல்லைத் தாழ்வாரத்தில் அவரே மண் குழைத்துப் போட்ட கொடி அடுப்பு. இரண்டாவது, 1980களின் கடைசியில் அரசுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த புகையில்லா அடுப்பு. அதன் புகைபோக்கி இரண்டாம் வருட மழையிலேயே உடைந்துவிட்டது. அப்புறம் அதில் கோழி அடை காத்தது. மூன்றாவது, 2008இல் கிடைத்த இலவச கேஸ் அடுப்பு. அதைப் பளபளவென்று துடைத்து, பழைய சேலைத் துணியால் மூடி வைத்திருப்பார். விருந்தாளி வந்தால் காபி போடவும், அடைமழையில் விறகு நனைந்துபோனால் கஞ்சி வைக்கவும் மட்டும் அது எரியும். கடைசிவரை சோறு வெந்தது கொடி அடுப்பில்தான்.

அவருக்கு மூச்சிரைப்பு முற்றி மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "வீட்ல யாராவது பீடி குடிப்பாங்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். அடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அறுபது வருடம் ஊதாங்குழலோடு குனிந்து உட்கார்ந்திருந்த ஒருத்தியின் நெஞ்சுக்கும் அந்தப் புகைக்கும் உள்ள தொடர்பு, வரலாறு படித்த எனக்கே அப்போது உறைக்கவில்லை.

காலநிலைக் கொள்கை உமிழ்வை எவ்வளவு குறைத்தது என்று இன்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூன்று அடுப்புகள்தான். முதலாவது அப்பத்தா போட்டது. மற்ற இரண்டும் அரசு கொடுத்தவை. இரண்டும் ஏதோ ஒரு பதிவேட்டில் "வழங்கப்பட்டது" என்று எழுதப்பட்டிருக்கும். பதிவேட்டில் எண்ணிக்கை ஏறியது. எங்கள் கொல்லையில் புகை குறையவில்லை. இது ஏன் என்பதற்குக் கிட்டத்தட்ட எண்பது வருட வரலாறு உண்டு.

ஒரு கிராமத்து அடுப்புக்கும் பூமி சூடாவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எரித்த மரம் அதே அளவு மீண்டும் வளர்ந்தால், எரிந்தபோது வந்த கரியமில வாயுவை அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் ராமநாதபுரம் பக்கத்து விறகு வேலிக்கருவை. வெட்ட வெட்டத் துளிர்ப்பது. அந்தக் கணக்குப்படி அப்பத்தாவின் அடுப்பு பூமிக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் மண் அடுப்பில் விறகு முழுதாக எரிவதில்லை. அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் நுண்ணிய கரித்துகள்களும் வெளிவருகின்றன. கறுப்புக் கார்பன் என்று அழைக்கப்படும் இந்தத் துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. இமயமலைப் பனியில் படிந்து அது உருகுவதை வேகப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் பிறந்த அறிவியலாளர் வீரபத்ரன் ராமநாதன், 1999இல் இந்தியப் பெருங்கடலின் மேல் நடந்த பெரிய ஆய்வை பால் குருட்சனோடு சேர்ந்து வழிநடத்தியவர். பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவுக்கு அடுத்த இடம் கறுப்புக் கார்பனுக்கு என்று 2008இல் அவரும் கிரிகோரி கார்மைக்கேலும் எழுதினார்கள். அதில் கணிசமான பங்கு சமையல் அடுப்புகளிலிருந்து வருவது. அப்பத்தாவின் நெஞ்சில் படிந்ததும் பனிமலையில் படிவதும் ஒரே கரிதான்.

அடுப்பைத் திருத்தும் முயற்சிகள் காலநிலை என்ற பேச்சு எழுவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டன. வார்தாவின் மகன்வாடியில் காந்தியத் தொழில் நிலையத்தார் 1940களில் "மகன் சூலா" என்ற புகைபோக்கி அடுப்பை உருவாக்கினார்கள். ஐதராபாத்தில் பொறியியலாளர் எஸ்.பி. ராஜு வடிவமைத்த புகையில்லா அடுப்பு பற்றிய அவரது நூல் 1953இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. அந்தக் காலத்து அக்கறை, சமைக்கிறவளின் கண்ணும் நுரையீரலும். அடுப்பை வடிவமைத்தவர்கள் ஆண்கள்தான்; ஆனாலும் புகையை யார் குடிக்கிறார் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

1970களில் அக்கறை வேறு பக்கம் திரும்பியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல் எரிக் எக்ஹோம் எழுதிய அறிக்கை, ஏழை நாடுகளின் இன்னொரு எரிசக்தி நெருக்கடி விறகுதான் என்றது. அதிலிருந்து கொள்கை வகுப்பவர்கள் எடுத்துக்கொண்ட பாடம், விறகு பொறுக்கும் பெண்களால் காடு அழிகிறது என்பது. இதற்கு ஒரு வருடம் முன்புதான், 1974இல், இமயமலையின் ரெனி கிராமத்தில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது மறித்து நின்றார்கள். கோடாரி யார் கையில் இருந்தது என்பதை நாடே பார்த்தது. கிராமத்து விறகில் பெரும்பகுதி சுள்ளி, காய்ந்த கிளை, வரப்போர முள், சாணி வறட்டி என்று பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்லின. ஆனாலும் தலையில் சும்மாட்டோடு விறகு சுமந்து வருகிறவள்தான் குற்றவாளி என்ற படம் அழியவில்லை. இந்தப் படம் பின்னால் கார்பன் சந்தையில் பணமாகவும் மாறியது.

இந்தக் காலத்தில்தான் கிர்க் ஸ்மித் என்ற ஆய்வாளர் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். 1983இல் வெளியான அந்த ஆய்வு, வீட்டுக்குள் இருக்கும் காற்று எவ்வளவு நஞ்சானது என்பதை முதல்முதலாக எண்களில் காட்டியவற்றுள் ஒன்று. அதே 1983இல் இந்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் மத்திய அரசு அதைக் கைவிடும் வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டன. எங்கள் வீட்டுக் கோழி அடை காத்தது அவற்றில் ஒன்றில்தான்.

அந்த அடுப்பு ஏன் தோற்றது என்று அப்பத்தாவிடம் நான் கேட்டதில்லை. அம்மா சொல்லித் தெரிந்ததுதான். விறகை நறுக்கிச் சின்னத் துண்டாகப் போட்டால்தான் அது ஒழுங்காக எரியும். முள்விறகைத் துண்டு போடுவது கூடுதல் வேலை. புகைபோக்கியை மாதாமாதம் கரி தட்ட வேண்டும். அதுவும் அவர் வேலை. பெரிய உலைப்பானை அதன் வாயில் உட்காராது. குழாய் உடைந்தபோது புதுக் குழாய்க்குக் காசு கேட்க வேண்டியது தாத்தாவிடம். தாத்தாவின் பதில் ஊருக்கே தெரிந்த பதில்: "இருக்கிற அடுப்பு எரியத்தான செய்யுது, வெறகுக்கு என்ன காசா பணமா?"

என் கட்டுரை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான். விறகுக்குக் காசில்லை என்பது உண்மையா? அப்பத்தா வாரம் மூன்று நாள் கண்மாய்க்கரைப் பக்கம் விறகுக்குப் போவார். போய், முள் வெட்டி, கட்டி, சுமந்து வர மூன்று மணி நேரம். வாரத்துக்கு 9 மணி நேரம், வருடத்துக்கு 468 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாக வைத்தால் 58 நாள். 2008இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான கூலி ஒரு நாளைக்கு 80 ரூபாய். 58 நாளுக்கு 4,640 ரூபாய். அந்தப் பணத்துக்கு அன்றைய மானிய விலையில் மாதம் ஒரு சிலிண்டர் வீதம் வருடம் முழுக்க வாங்கியிருக்கலாம். அப்பத்தாவின் நேரத்துக்குப் பூஜ்யம் விலை வைத்தால் மட்டுமே விறகு இலவசம். வீடும் அப்படித்தான் விலை வைத்தது, அரசும் அப்படித்தான் விலை வைத்தது.

இதைச் சொன்ன முதல் ஆள் நான் இல்லை. பொருளாதார அறிஞர் பீனா அகர்வால், குளிர்ந்த அடுப்புகளும் தரிசான மலைச்சரிவுகளும் என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் 1986இலேயே ஒரு நூல் எழுதினார். விறகு சேர்ப்பது பெண்ணின் கூலியில்லா வேலையாக இருக்கும்வரை, வீட்டுக் காசு ஆண் கையில் இருக்கும்வரை, நல்ல அடுப்புக்கான தேவை அவளுக்கு இருந்தாலும் அது சந்தையில் தேவையாக மாறாது என்பது அவர் வாதத்தின் சாரம். பல வருடம் கழித்து வங்கதேசத்தில் கிராண்ட் மில்லரும் முஷ்ஃபிக் மொபாரக்கும் நடத்திய ஆய்வு இதைக் கிட்டத்தட்ட மெய்ப்பித்தது. அடுப்பு இலவசம் என்றபோது, உடல்நலத்துக்கு நல்ல அடுப்பை ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு விலை வைத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. பெண்களின் விருப்பம் அப்படியேதான் இருந்தது. காசை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை.

1990களில் அடுப்பு உலக அரசியலுக்குள் வந்தது. ஏழை நாடுகளின் நெல்வயலையும் கால்நடையையும் பணக்கார நாடுகளின் கார்களோடு ஒரே தராசில் வைக்கும் கணக்கை எதிர்த்து, 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதினார்கள். உயிர் வாழ்வதற்கான உமிழ்வு வேறு, ஆடம்பர உமிழ்வு வேறு என்ற அவர்களின் வேறுபாடு இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது. நான் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: உயிர் வாழ்வதற்கான உமிழ்வு ஏழை நாட்டின் பெயரில் எழுதப்படுகிறது, ஆனால் அந்த நாட்டுக்குள் அதை மூச்சில் வாங்குகிறவள் அடுப்படியில் இருக்கிறாள்.

1997இன் கியோட்டோ ஒப்பந்தம் ஒரு புது வழியைத் திறந்தது. பணக்கார நாடு தன் உமிழ்வைக் குறைப்பதற்குப் பதிலாக, ஏழை நாட்டில் உமிழ்வு குறையப் பணம் கொடுத்து அந்தக் குறைப்பைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். இதுதான் கார்பன் கிரெடிட். இந்த முறையில் அடுப்புத் திட்டங்களும் சேர்ந்தன. பழைய அடுப்பு எவ்வளவு விறகு எரித்திருக்கும், புது அடுப்பு எவ்வளவு எரிக்கும், மிச்சமான விறகில் எவ்வளவு திரும்ப வளராத மரத்திலிருந்து வந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதை டன் கரியமில வாயுவாக மாற்றி விற்பார்கள்.

இந்தக் கணக்கில் மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. புது அடுப்பு தினமும் எரிகிறது. பழைய அடுப்பு அணைந்துவிட்டது. பெண்கள் எடுத்த விறகால் காடு அழிந்துகொண்டிருந்தது. முதல் இரண்டும் பொய்க்கும் என்று எங்கள் வீட்டுக் கோழிக்கே தெரியும். மூன்றாவது, 1970களின் அந்தப் பழைய படம். திரும்ப வளராத விறகின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல் என்று பல நாடுகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொண்டார்கள். 2015இல் ராபர்ட் பெய்லிஸும் அவர் குழுவினரும் வெப்பமண்டல நாடுகள் முழுவதையும் ஆராய்ந்து, அது 27 முதல் 34 விழுக்காடு வரைதான் என்று மதிப்பிட்டார்கள். 2024இல் அன்னலீஸ் கில்-வீல், டேனியல் கேமன், பார்பரா ஹாயா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, தாங்கள் எடுத்துக்கொண்ட அடுப்புத் திட்டங்கள் உண்மைக் குறைப்பைப்போல 9.2 மடங்கு கிரெடிட்டுகளைப் பெற்றிருக்கின்றன என்று கண்டது.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு டன் குறைந்த இடத்தில் ஒன்பது டன்னுக்குச் சீட்டு விற்றால், அந்தச் சீட்டை வாங்கியவர் தன் பங்குக்கு ஒன்பது டன் புகையைக் கவலையில்லாமல் விடலாம். அதாவது, உமிழ்வைக் குறைக்க வந்த கொள்கை உமிழ்வைக் கூட்டிவிடுகிறது. ஊதாங்குழல் பிடித்தவளுக்கு ஒரு தகர அடுப்பு. அவள் பெயரில் எங்கோ ஒரு விமானத்துக்குப் பாவமன்னிப்பு. அவள் பெயரில் விற்றது எவ்வளவு என்பது பெரும்பாலும் அவளுக்குத் தெரியவும் தெரியாது.

அடுப்பே எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் சான்று உண்டு. ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். மேம்படுத்தப்பட்ட மண் அடுப்பு கிடைத்த வீடுகளில் முதல் வருடம் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் கரைந்துபோனது. எரித்த விறகின் அளவு குறையவில்லை. குடும்பங்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை என்பது அவர்கள் கண்ட காரணம். இதைப் படிக்கும்போது ஒரு பெண்ணியவாதியாக எனக்கு எழும் கேள்வி: பராமரிப்பு என்பது யாருடைய மணி நேரம்? ஆய்வகத்தில் விறகைச் சேமிக்கும் அடுப்பு, சமையலறையில் அவளுடைய நேரத்தைச் செலவழித்தால், அவள் பழைய அடுப்புக்குத் திரும்புவது அறியாமை ஆகாது. அவள் செய்வது ஒரு சரியான கணக்கு.

இனி மூன்றாவது அடுப்புக்கு வருவோம். 2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சியோடு இலவச கேஸ் அடுப்பும் தருவதாக அறிவித்தது. ஆட்சிக்கு வந்தபின் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு கொடுத்தது. "இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள்" என்று அப்போது பேசாத மேடை இல்லை. அதை யாரும் காலநிலைக் கொள்கை என்று சொல்லவில்லை. கேஸ் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருவது. சூழலியலாளர்கள் அதை வரவேற்பது கஷ்டம்தான். ஆனால் கிர்க் ஸ்மித் 2002இல் சயன்ஸ் இதழில் ஏழைகளின் அடுப்புக்குப் பெட்ரோலியத்தைக் கொடுப்பதே நியாயம் என்று வாதிட்டார். மண் அடுப்பின் அரைகுறைப் புகையோடு ஒப்பிட்டால் கேஸ் காலநிலைக்கும் மோசமில்லை. ஏழைகள் எல்லோரும் மாறினாலும் உலக உமிழ்வில் அதன் பங்கு மிகச் சிறியது.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பாலியாவில் மத்திய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. இணைப்பு வீட்டுப் பெண்ணின் பெயரில். 2019 செப்டம்பருக்குள் 8 கோடி, பிறகு 10 கோடிக்கும் மேல். தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 2015-16இல் 43.8 விழுக்காடாக இருந்தன, 2019-21இல் 58.6 விழுக்காடாக உயர்ந்தன என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கும் மேல். இந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முந்தைய எந்த அடுப்புத் திட்டமும் இதன் பக்கத்தில் வந்ததில்லை.

ஆனால் சிலிண்டர் வீட்டில் இருப்பதும் எரிவதும் ஒன்றல்ல. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, உஜ்வலா பயனாளிகள் சராசரியாக வருடத்துக்கு 3.21 சிலிண்டர்தான் நிரப்பினார்கள் என்றது. ஒரு குடும்பம் முழுக்க கேஸில் சமைத்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். மிச்ச நாளெல்லாம் விறகு. 2020இல் வீட்டு சிலிண்டருக்கான மானியம் நின்றது. 2022 ஜூலையில் சென்னையில் ஒரு சிலிண்டர் 1,068 ரூபாய் 50 காசு. உஜ்வலா வீடுகளுக்கு மட்டும் முதலில் 200 ரூபாய், 2023இல் 300 ரூபாய் மானியம் வந்தது. பெட்ரோலியப் பொருள்களுக்கான மானியத்தை ஒழிப்பது உலக மாநாடுகளில் காலநிலைக்கு நல்ல கொள்கை என்று எழுதப்படுகிறது. பெரிய காருக்கான டீசலுக்கு அது சரி. சமையல் சிலிண்டருக்கு அதைச் செய்தால், எரியாத கேஸுக்குப் பதிலாக வேலிக்கருவை எரியும்; தலைச்சுமை திரும்ப ஏறும்.

இதற்கு என்னிடம் ஒரு சொந்த ஆவணம் இருக்கிறது. எங்கள் ஊர் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், சிலிண்டர் மாற்றிய தேதியை எல்லாம் அம்மா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அநேகமாக உங்கள் வீட்டிலும் காலண்டரிலோ சுவரிலோ இப்படி ஒரு பட்டியல் இருக்கும். அப்பத்தா இருந்த காலத்தில், 2009இல் மூன்று தேதிகள். எங்கள் ஊருக்கு நூறு நாள் வேலை வந்து, கூலி அம்மாவின் சொந்த வங்கிக் கணக்கில் விழத் தொடங்கிய பிறகு நான்கு, ஐந்து. 2018இல் ஏழு. 2022இல் திரும்பவும் மூன்று. ஒரு வீட்டுக் கதவை வைத்து நாட்டுக்கு முடிவு சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எந்த அமைச்சகத்தின் பதிவேட்டைவிடவும் இந்தக் கதவு உண்மையான உமிழ்வுக் கணக்கு. எங்கள் வீட்டில் புகையைக் குறைத்தவை இரண்டு: கட்டுப்படியாகும் சிலிண்டர் விலை, அம்மா கையில் அம்மாவின் காசு.

2019இல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவழித்தது 299 நிமிடம். அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். காலநிலைக் கொள்கையின் கணக்குத் தாளில் இந்த 299க்கு ஓர் இடம் வேண்டும். எத்தனை அடுப்பு கொடுத்தோம் என்பதை விட்டுவிட்டு எத்தனை சிலிண்டர் நிரம்பியது, யார் காசில் நிரம்பியது, விறகுக்குப் போகும் நடை எத்தனை மணி நேரம் குறைந்தது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் உமிழ்வு எவ்வளவு குறைந்தது என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். குளிக்க வெந்நீர் கொடி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கேஸில் வைக்கக் கூடாதா என்று அம்மாவிடம் கேட்டேன். திண்ணையிலிருந்து அப்பா முந்திக்கொண்டு, "வெறகுக்கு என்ன காசா பணமா?" என்றார்.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்து, "எங் காலுக்கு வெல போட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்றார். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து, அடுத்த தேதி எழுத எவ்வளவு நாள் தள்ளலாம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.